உபவாச அக்கா

எனக்குக் கல்யாணமான புதிதில் வலது பாதத்தில் புண் வந்தது. மரக்காணம் உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தியில் நின்று உப்பு வாருகிற எல்லோருக்கும் வருவதுதான். முதலில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். அப்புறம் சீழ் பிடிக்கும். எங்கள் காலனியில் அதற்கென்று யாரும் வைத்தியம் பார்த்துக்கொண்டதில்லை. மழை வந்து அளத்தை மூடினால் நடவுக்குப் போவோம். சேற்றில் நின்றால் புண் இன்னும் மோசமாகும். அதே காலோடு அடுத்த கோடைக்கு மறுபடி உப்புக்கு வருவோம்.

என் மாமியார்தான் என்னை அந்த ரூமுக்கு அனுப்பினாள். காலனி ஓரத்தில், பிரம்மதேசம் போகிற ரோட்டைப் பார்த்தாற்போல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ரூம். மிஷன்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு பீரோ, டெட்டால் வாசனை.

அங்கே வேலை பார்த்த மிஷன் அக்கா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“காட்டு பிள்ள” என்றார்.

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். நாற்றம் எனக்கே தெரிந்தது. எதிரில் இருந்தவர் படித்த பொம்பளை. வெளுத்த காட்டன் சேலை, தோளில் சீராக மடிப்பு வைத்துப் பின் குத்தியிருந்தார்.

“காட்டுன்னா காட்டணும். வலிச்சா கத்திக்க. கால மட்டும் இழுக்காத.”

காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நடுவில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. வெந்நீர் ஊற்றினார், பிதுக்கினார், மருந்து வைத்துக் கட்டினார். சீழ் அவர் சேலையில் பட்டது. அதைப் பார்த்ததும் நான் அழ ஆரம்பித்தேன். வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தெற்கத்திப் பேச்சில் ஏதேதோ சொல்லிச் சமாதானம் செய்தார். வலி இல்லை. என் புருஷன்கூட அந்தக் காலைத் தொட்டதில்லை.

புண் ஆறத் தொடங்கியதும் ஒரு சொம்பு மோர் கரைத்து, கருவேப்பிலை கிள்ளிப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சொம்பைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னைக்கு உபவாசம் பிள்ள. நீயே குடிச்சிரு.”

“நாளைக்கு எடுத்தாரட்டுமா அக்கா?”

“நாளைக்கும் உபவாசந்தான்.”

அவருடைய பெயர் எங்கள் காலனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. உபவாச அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். டீ கொடுத்தாலும் உபவாசம், இளநீர் வெட்டினாலும் உபவாசம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு யாராவது அடையோ அதிரசமோ கொண்டு போனாலும் உபவாசம். பிள்ளைகள் அவர் காற்றைக் குடித்து உயிர் வாழ்கிறார் என்று நம்பினார்கள். பெண்கள், நமக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று உருகினார்கள். நானும் உருகினேன்.

அத்தை மட்டும், என் மாமியார் மட்டும் உருகவில்லை.

“வாரம் பூரா உபவாசம் இருக்கறவ இன்னாடி இப்படி தளதளன்னு இருக்கா?”

“சக்கர வியாதி அத்த அவங்களுக்கு. கண்ட எடத்துல சாப்புடக் கூடாதாம்.”

“தண்ணி குடிக்கலாம் இல்ல?”

 எனக்குக் கோபம் வந்தது. அத்தையின் காலையும் அவர்தான் கழுவிக் கட்டினார். அந்த மடியில் காலை வைத்துக்கொண்டே இவளால் எப்படி இப்படிப் பேச முடிகிறது என்று இருந்தது.

காலனிக்குக் குடிதண்ணீர் போர் போட்டது அவர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊருக்குள் போய்க் குடத்தோடு காத்து நிற்க வேண்டும். அவர்களாகப் பார்த்து ஊற்றினால் உண்டு. மிஷனில் விடாமல் சண்டை போட்டு அவர் ஒரு ரிக் லாரியை வரவழைத்தார். லாரி வந்து நின்றதும் ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். இங்கே துளை போட்டால் எங்கள் வயல் போருக்கு ஊற்று அறுந்துவிடும் என்றார்கள். லாரிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். எங்கள் ஆம்பிளைகள் தள்ளியே நின்றார்கள். மறுநாள் அந்த வயல்களில்தானே வேலை.

அக்கா போய் லாரிக்கு முன்னால் நின்றார்.

“ஏம்மா, நீ எந்த ஊரு? இன்னிக்கு இருப்ப, நாளைக்குப் போயிடுவ. இவங்க எங்களோடதான் பொழைக்கணும்” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“பொழைக்கதுக்குத் தண்ணி வேணும்லா அண்ணாச்சி. போர் போடாம இந்த லாரி போகாது. போகணும்னா என் மேல ஏத்திட்டுப் போகட்டும்.”

மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றார். கையில் இருந்த குடையைக்கூட விரிக்கவில்லை. விரித்தால் அசந்துவிட்டேன் என்று நினைப்பார்கள் என்று பிற்பாடு சொன்னார். கடைசியில் போலீஸ் வந்து பேசி, ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். சாயங்காலம் தண்ணீர் பொங்கி வந்தது. கரிக்காத தண்ணீர். பெண்கள் குலவை போட்டார்கள். முதல் டம்ளரை அக்காதான் குடிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லி அவர் கையில் கொடுத்தார்கள்.

டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். அவருக்குக் கரகரத்த குரல். ஜெபம் முடிந்ததும், “முதல் தண்ணி ஆண்டவருக்கு” என்று சொல்லித் தரையில் ஊற்றினார். எல்லோரும் ஆமென் என்றோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள்: “மொத டம்ளர் சாமிக்கு. சரி. ரெண்டாவது டம்ளர் இன்னா ஆச்சு?”

புருஷன் இல்லாத பெண்களுக்கு ஆட்டுக்குட்டி கொடுத்தார். வெள்ளத்தில் விதைநெல் போன வருஷம், குத்தகைக்கு நிலம் வைத்திருந்த எங்களவர்களுக்கு விதை வாங்கிக் கொடுத்தார். அளத்துக்குப் போகிற பெண்களுக்கு ரப்பர் பூட்ஸ் வரவழைத்து, கூச்சப்பட்டவர்களுக்குத் தானே மாட்டிவிட்டார். எதற்கும் எங்களை மதம் மாறச் சொன்னதில்லை. ஒரு தடவை மிஷனிலிருந்து பெரிய பாஸ்டர் காரில் வந்து, இத்தனை ஆடு கொடுத்திருக்கிறீர்களே, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று எங்கள் எதிரிலேயே கேட்டார்.

“ஆட்ட எண்ணிக் குடுத்தேன் ஐயா. ஆத்துமாவ எண்ணுதது என் வேல இல்லல்லா” என்றார் அக்கா.

பாஸ்டர் முகம் கறுத்துப் போயிற்று. எங்கள் வீட்டில் அவர் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸைக் கழுவும்போது அத்தை சொன்னாள், “இவன் குடிச்சான் பாரு.”

அந்த வெள்ளத்தின்போது எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கிடந்தோம். அக்கா மரக்காணத்தில் தான் குடியிருந்த வீட்டுக்குப் போகவில்லை. எங்களோடு ஒரே தார்ப்பாயில் படுத்தார். எங்கள் அண்டாவில், எங்கள் அரிசியில் கஞ்சி காய்ச்சி அவர் கையாலேயே ஊற்றினார். ஒரு குழந்தை அவர் மடியிலேயே பேதியானது. துடைத்துவிட்டு மறுபடி அதே மடியில் போட்டுக்கொண்டார். அவர் தின்றது பையில் கொண்டுவந்திருந்த பிஸ்கட் மட்டும். பிஸ்கட் தீர்ந்தது. தண்ணீர் வடியவில்லை. உபவாசம் என்றார். ஒரு காலையில் கரண்டியைப் பிடித்தபடியே சுருண்டு விழுந்தார்.

பெண்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். அத்தை அவர் தலையைத் தன் தொடைமேல் வைத்து, சர்க்கரை போட்ட கஞ்சியை உதட்டில் வைத்தாள். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் பல் கிட்டிக்கொண்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அத்தை இன்னொரு தடவை வைத்தாள். மறுபடி திருப்பினார். அப்புறம் நான் அவர் பையைத் துழாவி ஒரு மிட்டாயைக் கண்டெடுத்து வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தார்.

அத்தை கஞ்சி டம்ளரோடு எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

“மயக்கத்துலயும் அவளுக்குத் தெரியுதுடி” என்றாள். அவள் குரலில் அன்றைக்குக் கிண்டல் இல்லை.

அதற்குப் பிறகும் நான் அக்கா பக்கம்தான். ரூமில் கூடமாட உதவிக்கு என்னை வைத்துக்கொண்டார். கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். நான் வெளியே இருப்பேன். டீச்சர்கள், நர்சுகள் எல்லாம் அப்படித்தான் தனியாகச் சாப்பிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருத்தரை நம்புவது என்று முடிவு செய்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்.

கிளியனூரில் அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புதுவீடு கட்டி ஜெபக்கூட்டம் வைத்திருந்தது. அவர்களும் தெற்கேயிருந்து வந்தவர்கள். அரிசிக் கடை. என்னையும் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை உபவாசம் மாறாது என்று காலனியில் குழந்தைக்கும் தெரியும். அங்கே இலை போட்டார்கள். அக்கா உட்கார்ந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு. “எங்க அம்ம வைக்க மாதிரியே இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலை நக்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. பக்கத்து இலையில் நான். 

திரும்பி வரும்போது அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஜெயித்துவிடுவாள்.

என் தங்கை கதைக்கு வருகிறேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவள் என்னோடுதான் இருந்தாள். ப்ளஸ் டூ முடித்ததும் அளத்துக்குப் போவதாக இருந்தவளை, அக்காதான் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்த்துவிட்டார். தானே ரயிலேற்றி, ஹாஸ்டலில் விட்டு, போர்வை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தது. அவளாக விரும்பி ஞானஸ்நானம் எடுத்து எஸ்தர் ஆனாள். லீவுக்கு வெள்ளை யூனிஃபார்மைப் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டு வருவாள். காலனிப் பெண்கள் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். அக்கா அவள் தலையில் கைவைத்து, “என் மகளாக்கும் இவ” என்பார்.

அந்த ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த பையனோடு எஸ்தருக்குப் பழக்கமானது. பெயர் சாம். அக்காவின் சொந்த அண்ணன் மகன். அந்த அண்ணன் ஆஸ்பத்திரி கமிட்டியில் இருந்தார். இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பேன். அக்கா வீட்டுப் பையன் என்றால் என்ன பயம்? இரண்டு பேரும் முதலில் அக்காவிடம்தான் வந்து சொன்னார்கள். ரூமில், அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்கள். நான் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா பீரோவைத் திறந்து மருந்துப் பாட்டில்களை அடுக்கினார். அப்புறம், “ஜெபிக்கணும் பிள்ள. ஆண்டவர் சித்தம் என்னன்னு கேக்கணும்” என்றார்.

“கேளுங்க அத்த. நீங்க அப்பாகிட்ட பேசுனாப் போதும்” என்றான் சாம். இரண்டு பேரும் முழங்கால் போட்டார்கள். தலைமேல் கைவைத்து ஜெபித்தார்.

அந்த வருஷ மழை தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆள் அதிகம் என்று எஸ்தரை நிறுத்தினார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் வேலையில்தான் இருந்தார்கள். சாம் போனை எடுக்கவில்லை. அடுத்த மாதமே அவனுக்குக் கல்யாணம் ஆனதாகக் கூடப் படித்த பெண் ஒருத்தி சொன்னாள். எஸ்தர் பெட்டியோடு வந்து இறங்கினாள். அழவில்லை. வந்த மறுநாள் என்னோடு அளத்துக்கு வந்து உப்பு வாரினாள். இத்தனைக்கும் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்கவில்லை. ஜாதி என்ற சொல்லை யாருமே எடுக்கவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை. அத்தை ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எஸ்தர் உள்ளே இருந்தாள். அக்கா பாயில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார்.

“எஸ்தருக்கு ஒரு பையன் பாத்திருக்கேன். பொம்மையார்பாளையம். ஸ்கூல் வேன் ஓட்டுதான். குடி கிடையாது. சபைக்கு ஒழுங்கா வாரவன். உங்க ஆளுகதான்.”

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. சகோதரி என்பார், விசுவாசி என்பார், தேவபிள்ளை என்பார். உங்க ஆளுக என்று அன்றைக்குத்தான் சொன்னார். அப்படிச் சொன்னது அவருக்கே தெரியவில்லை.

நான் எழுந்து உள்ளே போனேன். தட்டில் சோறு போட்டு நெத்திலிக் குழம்பு ஊற்றி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

“சாப்புடுங்க அக்கா.”

“இன்னைக்கு உபவாசம் பிள்ள.”

“இன்னாத்துக்கு உபவாசம்? சொல்லுங்க. நாங்களும் சேந்து இருக்கோம்.”

“விடுடி” என்றாள் அத்தை.

நான் விடவில்லை. “கிளியனூர்ல வெள்ளிக்கெழம கறிச்சோறு சாப்ட்டீங்க. பக்கத்து எலையில நான் இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்குது.”

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் வாசல்படிக்கு வந்து நின்ற எஸ்தரைப் பார்த்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடி ஜெபித்தார்.  ஒரு வாய் பிசைந்து எடுத்து வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினார். வேலியோரம் குனிந்து குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தார்.

எஸ்தர்தான் ஓடினாள். ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முதுகைத் தடவிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் செய்கிற மாதிரி. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை எல்லாம் அந்தக் குமட்டல் சத்தத்தோடு போய்விட்டது. எங்கள் வீட்டுச் சோற்றில் என்ன இருக்கிறது? அவர் போராடி வாங்கிக் கொடுத்த தண்ணீரில் வேகவைத்த சோறு.

அக்கா வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது.

“நான் நடிக்கல பிள்ளைகளா. சின்னதுலருந்தே இந்த அருவருப்ப உள்ள போட்டு வளத்துட்டாவ. கை கேக்குது, வாய் கேக்கல. இத என்கிட்டருந்து எடுத்துப்போடும்னுதான் ஆண்டவர்கிட்ட உபவாசம் இருக்கேன். முழுக்கப் பொய்யின்னு நெனைக்காதிய. பாதி நாளு நெசமாவே உபவாசந்தான்.”

எஸ்தர் கையை எடுத்துக்கொண்டாள். “உங்க வாய்க்காக நீங்க ஜெபிச்சீங்க. சரி. என் வேலை எதுக்குப் போச்சு அக்கா?”

“அண்ணன் போன்ல கேட்டாரு. பொண்ணு யாரு, எந்த ஆளுகன்னு. நான் பொய் சொல்ல முடியுமா?”

“உபவாசம்னு எங்ககிட்ட சொன்னீங்களே. அதே மாதிரி அவர்கிட்டயும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்.”

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். அத்தை எழுந்துபோய்ச் செருப்பை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். போட்டோ பாயிலேயே கிடந்தது.

அந்த மாதக் கடைசியில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். ரூம் பூட்டிக் கிடந்தது. காலனியில் என்னை யாரும் சும்மா விடவில்லை. “நம்ம கால கழுவுன பொம்பள. ஒரு வாய் சோத்துக்காக தொரத்திட்டியேடி” என்றார்கள். “சாப்புடாட்டி போறா, உனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?” என்று குழாயடியில் சண்டைக்கே வந்தார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். கேட்டது தப்பென்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. அவர் வாய்க்குள் போகாத சோறு யாருடையது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் காலை நீட்டிக்கொண்டிருந்தோம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர் இடத்துக்கு ஒரு சின்ன வயது பாஸ்டர் வந்தார். வந்த முதல் நாளே எல்லார் வீட்டிலும் சாப்பிட்டார். கருவாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஜனங்கள் பூரித்துப் போனார்கள். கால் புண்ணைக் காட்டியபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ரூமில் மருந்து பீரோவை எடுத்துவிட்டு மைக் செட் வைத்தார்.

அத்தையின் காலில் பழைய இடத்திலேயே மறுபடி புண் வந்தது. எனக்குத் தெரிந்த அளவுக்குக் கட்டினேன். போதவில்லை. பாண்டிச்சேரியில் சேர்த்து இரண்டு விரலை எடுத்தார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு அத்தை சொன்னாள், “அவ கைய மட்டும் இங்க வெச்சுட்டு, வாய எடுத்துனு போயிருக்கலாம்டி.”

எஸ்தருக்குப் பாண்டிச்சேரியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. கேட்டால், “இது நானா வெச்சுக்கின பேரு” என்பாள். ஒரு தடவை அக்கா அவளுக்குப் போன் செய்தார். எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள். குரல் இன்னும் கரகரத்துப் போயிருந்தது. முடியாமல் கிடக்கிறேன், ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ பிள்ள என்றார்.

“டியூட்டி இருக்குது அக்கா. உடம்பப் பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

போன வருஷம் அக்கா இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. காலனியில் ஒரு வேன் பிடித்தார்கள். அவரால் கால் பிழைத்தவர்கள், ஆடு வாங்கியவர்கள், அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஏறினார்கள். நான் போகவில்லை. எஸ்தரும் போகவில்லை. அத்தை போகிறேன் என்றாள்.

“நீயா? அவங்கள அந்தப் பேச்சு பேசுனியே அத்த” என்றேன்.

“பேசுனேன். அதுக்கு?” என்றாள். தடியை ஊன்றிக்கொண்டு போய் வேனில் ஏறினாள். வழியில் சாப்பிட எல்லோருக்கும் புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். வேனிலிருந்து இறங்கி அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அத்தை வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன்.

“பெரிய வூடு” என்று அவளாகவே ஆரம்பித்தாள். “வாசல்ல பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தாங்க. நாங்க மாலையோட போயி நின்னோம். அவங்க அண்ணனா யாரோ ஒருத்தரு வந்தாரு. யாரு நீங்கன்னாரு. மரக்காணத்துலருந்து வர்றோம்னு சொன்னோம். ஓ, மிஷன்காரங்களா, அப்படி ரோட்டோரமா நில்லுங்க, பெட்டி சர்ச்சுக்குப் போறப்ப பாத்துக்கலாம்னாரு. வூட்டுக்குள்ள சொந்தக்காரங்க மட்டும் போறாங்கன்னாரு.”

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

“நீ இன்னா சொன்ன அத்த?”

“நாங்களும் சொந்தக்காரங்கதான்னு சொன்னேன்” என்றாள். “பந்தல்ல இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்கடி. எழவு வூட்டுல.”